இறங்காமல் நின்றவன்

கப்பல் கம்பெனி வருஷத்துக்கு ஒரு தடவை தன்னிடம் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களை அழைத்து ஒரு பாதுகாப்புக் கூட்டம் நடத்தும். ஓட்டல் ஒன்றின் பெரிய ஹாலைப் பிடித்து, நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டி, திரையில் படம் காட்டி, கடைசியில் வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். அந்தச் சாப்பாட்டுக்காகவே பாதிப் பேர் பாதுகாப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கம்பெனிக்கும் தெரியும்.

அந்த வருஷம் போசன் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். போசன் என்றால் கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவன். கயிறு, சங்கிலி, ஏணி, மூடி, பெயிண்ட் எல்லாம் அவன் பொறுப்பு. கரைக்கு வந்தாலும் தெருவில் அவனுக்கு அதுதான் பெயர். அண்ணா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவன் தங்கை. அம்மா அப்பா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட, அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவன் அவன். மாப்பிள்ளையையும் அவன் வெளியே எங்கும் தேடவில்லை. தன்னோடு அதே கப்பலில் வேலை பார்த்த, எரிவாயுச் சரக்கைக் கவனிக்கும் கேஸ் இன்ஜினியர் நல்ல பையனாகத் தெரிந்தான். கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினான். தங்கைக்கும் பிடித்துப்போய்விட்டது. ஆனால் அண்ணன் பொறுக்கிக் கொண்டுவந்த சரக்கு என்பதால், மாப்பிள்ளை என்ன செய்தாலும் அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். அவன் குறட்டை விட்டால்கூட புகார் மாடி அறையில் தனியாகக் குடியிருந்த போசனிடம்தான் வரும்.

போசன் கூட்டத்துக்குப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன பயணத்தில் மாப்பிள்ளை செத்துப் பிழைத்திருந்தான். தங்கைக்கு அது தெரியாது. வெயிலில் லேசாக மயக்கம் வந்தது, ஒரு நாள் படுத்திருந்தேன் என்று மட்டும் மாப்பிள்ளை சொல்லியிருந்தான். போசனும் ஆமாம், நல்ல வெயில் என்று பக்கத்தில் நின்று தாளம் போட்டிருந்தான். பயணம் முடிந்து வந்த ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், சும்மா அவள் வயிற்றில் புளியைக் கரைப்பானேன் என்பது இரண்டு பேரின் எண்ணம். யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் கம்பெனியின் இழப்புத் தடுப்பு அதிகாரிக்கு வேறு எண்ணம் இருந்தது.

இழப்புத் தடுப்பு என்று ஒரு பிரிவு. கப்பல் போனாலும் இழப்பு, சரக்கு போனாலும் இழப்பு, ஆள் போனாலும் இழப்பு. எல்லாவற்றையும் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. அந்தப் பிரிவின் அதிகாரி ஒரு நடுவயது அம்மாள். நல்லவர், சிரித்த முகம், மனப்பூர்வமாக வேலை செய்கிறவர். இந்தத் துறைக்காரர்களுக்கு விபத்து நடந்தால் பெரிய துக்கம், நடக்க இருந்து நடக்காமல் போனால் பெரிய கொண்டாட்டம். போசன் செய்ததைக் கேட்டதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடையில் அவனைப் பாராட்டியே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். போசன் ஆபீசுக்கே போய், என் பெயரை எடுக்க வேண்டாம் மேடம் என்று கேட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு மென்று முழுங்கினான். வீட்டில் சொல்லவில்லை என்று சொன்னால் அதற்குத் தனியாக ஒரு வகுப்பு எடுப்பார் என்ற பயம். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். உங்களைப் போல அடக்கமானவர்களைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஆக, கூட்டம் நடந்தது. மாப்பிள்ளை ஒரு பக்கம், போசன் ஒரு பக்கம், நடுவில் தங்கை. மேடையில் அதிகாரி பேச ஆரம்பித்தார். திரையில் கப்பலின் படம் வந்ததும், நம்ம கப்பல் என்று தங்கை அண்ணனின் முழங்கையை இடித்தாள். போசனுக்கு வியர்த்தது. ஹாலில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் கப்பல், எரிவாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கி ஏற்றிச்செல்லும் கப்பல். வாயு இருக்கும் தொட்டிக்கும் கப்பலின் வயிற்றுக்கும் நடுவில் சுற்றிலும் காலி இடம் உண்டு. பகலிலும் கும்மிருட்டு, இரும்பு விலாக்கள் வரிசையாக நிற்கும். தொட்டியில் எங்காவது கசிந்தாலும் தீப்பிடிக்கக் கூடாது என்று அந்த இடத்தை நைட்ரஜனால் நிரப்பி வைத்திருப்பார்கள். உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் விசிறி வைத்து நல்ல காற்றை உள்ளே தள்ளி நைட்ரஜனை விரட்ட வேண்டும். பிறகு குழாயை இறக்கி மேலே, நடுவே, அடியே என்று காற்றை அளந்து பார்த்துவிட்டு, மார்பில் கருவியை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் இறங்கலாம். நைட்ரஜன் ஒன்றும் பொல்லாத விஷம் இல்லை. நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு அதுதான். நாறாது, கண்ணைக் கரிக்காது, மூச்சு முட்டவும் செய்யாது. அது மட்டுமே இருக்கும் இடத்தில் நிற்கிறோம் என்று ஆளுக்குத் தெரியாமலே போய்விடும், அதில் உள்ள கெடுதல் அதுதான்.

உள்ளே இறங்குகிறவர்களுக்காக மேலே, ஆள் நுழையும் வட்டத் துளையின் பக்கத்தில், ஒருவன் நிற்பான். அவனுக்கு ஒரே வேலை, நிற்பது. கையில் ரேடியோ இருக்கும். உள்ளே என்ன நடந்தாலும் தகவல் சொல்லலாம், கத்தலாம், ஆனால் அவன் இறங்கக் கூடாது. பக்கத்திலேயே முகமூடியும் காற்று சிலிண்டரும் வைத்திருப்பார்கள். அதை எடுத்து மாட்டிக்கொண்டும் அவன் தனியாக இறங்கக் கூடாது. மீட்க வருகிறவர்கள் சேர்ந்து வருவார்கள், அவர்கள்தான் இறங்க வேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவன் போசன். கீழே இறங்கியவர்கள் மாப்பிள்ளையும், பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பம்ப்மேனும்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு வால்வு முழுதாக மூடிக்கொள்ளாமல், கடைசி மூலையில் நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக வந்து தேங்கியிருந்தது. அங்கே போனதும் மார்புக் கருவிகள் கத்தின. பம்ப்மேன் உடனே திரும்பி ஏணியைப் பார்த்து நடந்தான். இதோ வந்துட்டேன் என்று மாப்பிள்ளையும் குரல் கொடுத்தான். ஆனால் தொட்டி உறையில் ஒரு விரிசல் கண்ணில் பட்டிருந்தது. ஒரே ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தான். அந்தக் கருவி பல தடவை ஒன்றும் இல்லாததற்கும் கத்தியிருக்கிறது. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு ஒரு எட்டு வைத்தான்.

இவ்வளவும் அதிகாரி தன் பாஷையில், படத்தோடும் அம்புக்குறியோடும் மேடையில் விளக்கினார். கேஸ் இன்ஜினியர் விழுந்துவிட்டார் என்று சொன்னபோது தங்கைக்கு முதலில் உறைக்கவில்லை. யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போல உச்சுக்கொட்டினாள். அந்தக் கப்பலில் ஒரே ஒரு கேஸ் இன்ஜினியர்தான் உண்டு என்பது ஒரு நொடி கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரியின் குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே உருகிவிட்டார். உள்ளே கிடந்தவர், மேலே நின்ற போசனின் சொந்தத் தங்கையின் கணவர் என்றார். ஆனாலும் இவர் பதறி இறங்கவில்லை. மேலே ஏறி வந்த பம்ப்மேன் திரும்பவும் இறங்கப் போனபோது, அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். எத்தனையோ கப்பல்களில் விழுந்தவனைக் காப்பாற்றப் போனவனும் சேர்ந்தே செத்திருக்கிறான். இந்தக் கப்பலில் யாருமே சாகவில்லை, காரணம் இவர் நின்றார் என்று சொல்லி, போசனை மேடைக்கு அழைத்தார். ஹால் எழுந்து நின்று கைதட்டியது. மேடைக்குப் போகிற வழியில் போசன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவ்வளவு பேர் நடுவில் தங்கை மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் மடியில் கிடந்தன.

கம்பெனி கொடுத்த கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு அவன் இறங்கி வந்தபோது இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர்கள் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே அதிகாரி போன் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியுமா என்று நான் கேட்டிருக்க வேண்டும், என் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பரவாயில்லை மேடம், நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றான் போசன். அவனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டுமென்றால் தன் மேல்தான் படவேண்டும் என்று தோன்றியது, அதற்கும் தெம்பு இல்லை.

மறுநாளிலிருந்து தங்கை அவனோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். சின்ன வயதிலிருந்தே அவள் சண்டைக்காரி. கத்தித் தீர்த்துவிட்டு, அடுத்த அரை மணியில் தலைவலி மாத்திரை இருக்கா என்று வந்து நிற்கிறவள். இந்தத் தடவை கத்தவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் சரியாக வந்தது. உங்க மச்சானைச் சாப்பிடச் சொல்லுங்க என்று புருஷனிடம் சொல்வாள். போசன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான் சொன்னாள். அண்ணன் என்ற சொல் அந்த வீட்டை விட்டே போய்விட்டது. இத்தனை வருஷத்தில் தன்னை அவள் யாரோ ஒருவரின் மச்சானாக ஆக்குவாள் என்று போசன் கனவிலும் நினைத்ததில்லை. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் அவன் பாதியிலேயே கை கழுவினான்.

பாவம், மாப்பிள்ளை பாடுதான் திண்டாட்டம். மாடிக்கும் கீழுக்கும் தூது நடந்தே களைத்துப்போனான். தப்பு என் பேரில்தான், கருவி கத்தியதும் நான் வந்திருக்க வேண்டும் என்று அவளிடம் மன்றாடிப் பார்த்தான். அதை அவள் ஒத்துக்கொண்டாள். அதற்காக அவனை நன்றாகவே வாங்கு வாங்கென்று வாங்கியும்விட்டாள். ஆனால் அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் மனுஷன் ஒருவனுக்கு இறங்க வேண்டுமென்று துடித்திருக்கிறது, கூடப்பிறந்தவனுக்குத் துடிக்கவில்லை. துடித்தவனையும் பிடித்து வைத்திருக்கிறான். அவளால் அதைத் தாண்ட முடியவில்லை.

கடைசியில் ஒரு முடிவும் சொன்னாள். லீவு முடியப் போகிறது. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போன் செய்து, மாப்பிள்ளை வேறு கப்பல் கேட்க வேண்டும். அவரும் நீங்களும் இனி ஒரே கப்பலில் போக வேண்டாம். கரைக்கு வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் இருந்துகொள்ளலாம், இந்த வீடு நமக்குச் சின்னதாகிவிட்டது. இதை மாப்பிள்ளை மாடிக்கு வந்து சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. போசன் ஜன்னலைத் திறந்து மூடி, திறந்து மூடி, அதன் கீல் சரியில்லை என்றான். கீல் நன்றாகத்தான் இருந்தது. தங்கை இல்லாத ஒரு வீட்டுக்குக் கடலிலிருந்து திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று அவன் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தான். அப்படியென்றால் எதற்குத் திரும்பி வர வேண்டும் என்றே தோன்றிவிட்டது.

திங்கட்கிழமைக்கு முந்தின நாள் மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். தங்கை பரிமாறினாள். போசன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். குழம்பு தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"உன்னால எப்படி நிக்க முடிஞ்சுது?" என்றாள்.

கூட்டத்துக்குப் பிறகு அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. குரல் கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்த அம்மாள் சொன்னதெல்லாம் புத்திக்குப் புரிகிறது, ஆனால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது என்று சேர்த்துச் சொன்னாள்.

போசன் கையைத் தட்டிலேயே வைத்திருந்தான். மேடையில் அவனைப் பற்றிச் சொன்னது முழு உண்மை இல்லை. அதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மாப்பிள்ளையிடம்கூட.

"முதல்ல நிக்கல," என்றான். "ரேடியோவுல கத்திட்டு ஒரு காலை ஏணியில வச்சுட்டேன்."

அப்புறம் ஏன் எடுத்தாய் என்று அவள் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவனே சொன்னான். உள்ளே அவ்வளவு இருட்டு. மாப்பிள்ளையின் தலை விளக்கு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது, அது ஒரு விலாவுக்குப் பின்னால் சரிந்து அசையாமல் நின்றதைப் பார்த்தது அவன் ஒருவன்தான். பம்ப்மேன் அப்போது ஏணியைப் பார்த்து வந்துகொண்டிருந்தான், அவனுக்கு எந்த இடம் என்றே தெரியாது. விளக்கும் நேராகத் தெரியவில்லை, இரும்பில் பட்ட வெளிச்சம்தான் நகக்கண் அளவுக்குத் தெரிந்தது. காலை இறக்கி ஒரு படி கீழே போனதும் அதுவும் மறைந்தது. மேலே வந்து தலையைத் திருப்பி, குனிந்து, மறுபடியும் அதைக் கண்டுபிடித்தான்.

"காப்பாத்த வர்றவங்க முதுகுல இருக்கிற சிலிண்டர் காத்து கொஞ்ச நேரத்துக்குத்தான்மா வரும். தேடிட்டிருக்க முடியாது. எங்கன்னு நான் சொல்லணும். நான் இறங்கிட்டா சொல்ல ஆள் இல்ல." அவன் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கண்ணையே எடுக்கல. அழக்கூடப் பயமா இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்தா அந்த வெளிச்சம் மறைஞ்சுடுமேன்னு."

பம்ப்மேன் திமிறியதையும் சொன்னான். அவன் அடித்துக்கூடப் பார்த்தானாம். ஒரு கையால் அவன் காலரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அவன் பக்கம் திருப்பாமலே அடி வாங்கிக்கொண்டிருந்தானாம். முகமூடிக்காரர்கள் ஓடி வந்ததும் விலாக்களை எண்ணி, இதற்குப் பின்னால் என்று கையை நீட்டினான். அவர்கள் நேராகப் போய்த் தூக்கி வந்தார்கள். தளத்தில் போட்டு ஆக்சிஜன் கொடுத்து மாப்பிள்ளை முதல் தடவை இருமியபோதுதான் போசனுக்குக் கால்கள் இருப்பதே தெரிந்தது. உடனே அவை மடங்கியும்விட்டன. அதற்குப் பிறகு அழுத அழுகையை அதிகாரி அறிக்கையில் எழுதவில்லை.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தட்டில் வழிந்திருந்த குழம்பை விரலால் வழித்துச் சரி செய்தாள். அது அவள் வழக்கமாக அண்ணன் தட்டில் செய்கிற வேலைதான். போசன் மூச்சு விட்டான்.

அங்கேயே விட்டிருந்தால் மாப்பிள்ளை கெட்டிக்காரன். ஆனால் அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. மனசு நிறைந்தால் அவன் வாய் சும்மா இருக்காது. மச்சானுக்குத் தானும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். மனைவியும் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தானோ என்னவோ.

"ஆனா ஒண்ணு மச்சான்," என்றான். "நீங்க கீழ விழுந்து நான் மேல இருந்திருந்தா, சட்டமாவது ஒண்ணாவது. நேரா குதிச்சிருப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் வெறும் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. அது போசனுக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும். அவன் அப்படிப்பட்டவன்தான். அதற்காகத்தான் போசன் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

"குதிச்சு?" என்றாள் தங்கை.

"குதிச்சு, உன் அண்ணனைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்திருப்பேன்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். போசன் முகம் சுண்டிப்போயிருந்தது. விளையாட்டாக ஏதாவது சொல்லி மழுப்பப் பார்த்தான். சொல்லு, இவர் குதிச்சா என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். வேண்டாம்மா என்றான். அவள் விடவில்லை.

"அந்த மூலை வரைக்கும் ஓடி வந்திருப்பான்," என்றான் போசன். "அங்க ரெண்டு மூச்சு. அவ்வளவுதான். என் பக்கத்துலயே படுத்திருப்பான்."

மாப்பிள்ளையின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவனும் அதே தொழில்காரன்தானே, அவனுக்குத் தெரியாததா. பயிற்சி வகுப்பில் அவனே மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஆனால் மச்சான் என்று வந்ததும் அவ்வளவும் மறந்துவிட்டது.

தங்கை கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் முன்னால் என்ன ஓடியது என்பது போசனுக்குத் தெரிந்தது. ஒரே இருட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விளக்குகள் அசையாமல் கிடக்கின்றன. மேலே நின்று பார்க்க ஆள் இல்லை. அவள் எழுந்து வந்து புருஷன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். மூன்றாவதற்குக் கை ஓங்கி, அடிக்காமல் அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை அவள் கையைத் தடவிக்கொடுத்தான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. போசன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான், எழுந்து போகலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அழுது முடித்ததும் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைக்கு ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டாம், அதே கப்பலுக்கே போங்கள் என்றாள். மாப்பிள்ளை முகம் மலர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நான் இன்னும் முடிக்கல. ஒரு நாள் அண்ணன் உள்ள இறங்குவாரு, நீங்க மேல நிப்பீங்க. அன்னைக்கு அவரு விழுந்தா நீங்க இறங்கக் கூடாது. அவரு லைட்டையே பார்த்துட்டு நிக்கணும்."

"உன் அண்ணன்மா அவரு."

"தெரியும். என்னைத் தூக்கி வளர்த்த அண்ணன். அவரு அங்க கிடக்கறப்பத்தான் நீங்க நிக்கணும்னு சொல்றேன்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினான். அது ஆமாம் என்பதற்கு இல்லை, முடியாது என்பதற்கான ஆட்டல். கருவி கத்தினால் உடனே வந்துவிடுகிறேன், இனிமேல் ஒரு எட்டுக்கூடக் கூடுதலாக வைக்க மாட்டேன், எது கேட்டாலும் செய்கிறேன், இதை மட்டும் கேட்காதே என்றான். அவள் அதைத்தான் கேட்டாள். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. போசன் தங்கையைப் பார்த்தான். அவளை இப்படி அவன் பார்த்ததே இல்லை. கண்ணைப் புருஷனிடமிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். தன் உயிருக்காகத்தான் அவள் இப்படிப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்கு உறைத்தது. இதைவிடப் பெரிய பாசத்தை யாரும் தன்மேல் வைத்துவிட முடியாது என்று அவன் நினைத்தான்.

கடைசியில் மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, நிக்கறேன் என்று முணுமுணுத்தான்.

"அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க," என்றாள் தங்கை.

மாப்பிள்ளை நிமிர்ந்தான். போசன் அவனுக்கு உதவி செய்வதுபோல லேசாகத் தலையசைத்தான். மாப்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு, அவனை நேராகப் பார்த்தான்.

"நிக்கறேன் மச்சான்," என்றான்.